பச்சைக் குளமும் நீல மோட்டாரும்

அக்டோபர் 6, ஞாயிறு

திருப்பூரில் சாயக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் ஆலையில் எனக்கு வேலை. ஷிஃப்ட் முடிந்தால் நடந்ததை எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே விதி. எழுதாவிட்டால் பின்னால் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பார்கள். எங்கள் வீட்டில் இந்த வாக்கியம் ஆலையைவிட அதிகம் புழங்குகிறது. அதனால் வீட்டு நீச்சல் குளத்துக்கு வடிகட்டி தேர்வு செய்யும் வேலையையும் இன்றிலிருந்து எழுதிவைக்கிறேன்.

நிலவரம் இது. கோயம்புத்தூர் சின்னவேடம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு தென்னையை வெட்டிவிட்டுக் குளம் கட்டியாகிவிட்டது. நீளம் எட்டு மீட்டர், அகலம் நாலு, ஆழம் நெஞ்சளவு. காரணம் அம்மாவின் வலது முழங்கால். ஆடி மாதம் திடீரென்று வலி வந்தது. தண்ணீருக்குள் தினமும் நடந்தால் சரியாகும், இல்லாவிட்டால் ஆபரேஷன் என்று டாக்டர் சொன்னாராம். எந்த டாக்டர் என்று கேட்டேன். "ஒரு டாக்டரு" என்றாள். ஆபரேஷன் என்றதும் அப்பா மறுநாளே ஜேசிபி கூப்பிட்டுவிட்டார். மனைவிமேல் பிரியம் இருக்கலாம். ஆனால் எக்ஸ்ரே பார்த்துவிட்டுக் குழி தோண்டுவதுதான் முறை.

அடுத்தது டைல்ஸ். உலகத்தில் எல்லா நீச்சல் குளமும் நீலம். எங்களுடையது பச்சை. ஏனென்றால் எங்கள் பட்டறையில் செய்யும் மோட்டார் பம்புகள் பச்சை. நீலம் என்பது சென்னியப்பன் மாமாவின் நிறம். அவர் அம்மாவின் உடன்பிறந்த தம்பி. அப்பாவும் அவரும் ஒரே பட்டறையில் ஒன்றாக மோட்டார் செய்தவர்கள். பச்சை அடித்தால் விவசாயிக்குப் பிடிக்கும் என்று அப்பாவும், தண்ணீர் மோட்டாருக்கு நீலம்தான் பொருத்தம் என்று மாமாவும் சண்டை போட்டுப் பிரிந்தார்கள். வேறு பெரிய காரணம் இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அன்றிலிருந்து பேச்சு கிடையாது. அப்பா நீலச் சட்டைகூடப் போடுவதில்லை.

பச்சை டைல்ஸில் பாசி பிடித்தால் கண்ணுக்குத் தெரியாது என்றேன்.

"தெரியலைன்னா நல்லதுதானேடா" என்றார்.

இவரிடம்தான் நான் வடிகட்டி பற்றிப் பேச வேண்டும்.

தங்கை தாரணிக்குத் தை பதினெட்டில் கல்யாணம். தாய்மாமன்தான் மணப்பெண் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். யார் கட்டுவது என்று இன்று சாப்பிடும்போது தாரணி கேட்டுவிட்டாள்.

"மாமன் இல்லாத வீட்டுல எல்லாம் கல்யாணம் நடக்கறதில்லியா?" என்றார் அப்பா.

அம்மா வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். தாரணி கடைசிவரை நிமிரவே இல்லை.

அக்டோபர் 7, திங்கள்

காலையில் திடீர் மழை. மொட்டைமாடித் துணியை எடுக்க நான் செருப்பைத் தேடுவதற்குள் அம்மா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

மூன்றுவிதமான வடிகட்டிகளை வரைந்து காட்டினேன்.

முதலாவது மணல் வடிகட்டி. ஆளுயரத்தில் பாதி இருக்கும் ஃபைபர் உருளை, அதற்குள் மணல். மேலே அழுக்குத் தண்ணீர் போகும், கீழே நல்ல தண்ணீர் வரும். இரண்டாவது, மடிப்பு மடிப்பாகத் துணி வைத்த உருளை. அதைக் கழற்றிக் கழுவிப் போட வேண்டும். மூன்றாவது இத்தாலிச் சரக்கு. எல்லாம் தானாக நடக்கும். சென்னையில் ஏஜென்ட் இருக்கிறார்.

என் பரிந்துரை இரண்டாவது. தண்ணீர் மிச்சம், இடம் மிச்சம். ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டிய கூட்டம்.

"அத யாரு கண்ணு கழட்டிக் கழுவறது?" என்றாள் அம்மா.

"வாரம் ஒரு நாள்தான்மா. நானே கழுவறேன்."

"நீ திருப்பூர்ல இருப்ப. அப்பாவுக்குப் பட்டறை. தாரணி போயிருவா. கடைசீல இந்தக் கால வெச்சுக்கிட்டு நாந்தான் குனியோணும்."

வாதம் நியாயமானது. இரண்டாவதை அடித்துவிட்டேன். பிறகு அம்மா ஸ்டூல்மேல் ஏறி மின்விசிறி துடைத்தாள். தீபாவளி வருகிறதாம்.

அக்டோபர் 20, ஞாயிறு

சென்னை ஏஜென்ட் வந்தார். டை கட்டியிருந்தார். டேப்லெட்டில் படம் காட்டினார். அப்பா முழுவதும் பார்த்துவிட்டு, "இத்தாலில கெணறு இருக்குதுங்களா?" என்று கேட்டார். ஏஜென்ட் தெரியாது என்றார். "அப்புறம் அவனுக்கு மோட்டாரப் பத்தி என்ன தெரியும்?"

நான் குறுக்கிட்டு, கேள்விக்குச் சம்பந்தம் இல்லை என்றேன். வடிகட்டி உண்மையிலேயே நல்ல வடிகட்டி. அப்போது அம்மா காபியோடு வந்தாள்.

"ஏந்தம்பி, மோட்டார் நின்னு போச்சுன்னா உங்க ஆளு எப்ப வருவாரு?"

"கம்ப்ளெயின்ட் போட்டீங்கன்னா ஒரு வாரத்துல வந்துருவாங்க மேடம்."

"ஒரு வாரமுங்களா" என்று அம்மா அப்பாவைப் பார்த்தாள். கோயம்புத்தூரில் மோட்டார் செய்கிறவர் வீட்டில் மோட்டார் ஒரு வாரம் நின்று கிடக்கலாம் என்று சொல்லிவிட்டு எந்த மனிதரும் காபி முழுதாகக் குடித்ததில்லை. அப்பாவே வாசல்வரை போய் வழியனுப்பிவைத்தார்.

மூன்றாவதும் போயிற்று. மிச்சம் மணல். பரவாயில்லை, மணலும் எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆலையில் நாளெல்லாம் அதோடுதான் குடித்தனம்.

அக்டோபர் 27, ஞாயிறு

மணல் வடிகட்டியில் ஒரே விதி, தண்ணீர் மெதுவாகப் போக வேண்டும். மெதுவாகப் போனால்தான் அழுக்கு மணலில் தங்கும். குளத்தின் கொள்ளளவுக்கு முக்கால் ஹெச்.பி. மோட்டார் போதும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தேன்.

அப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"முக்காலா? இது மோட்டாரா, மிக்ஸியா?"

"மெதுவாத்தான் போகோணும்ப்பா."

"ஏண்டா, நான் முந்நூறு அடி போர்ல இருந்து தண்ணிய எடுத்துத் தென்னமரத்து உச்சிக்கு அடிக்கறவன். டீலருங்க கல்யாணத்துக்கு வருவாங்க. பின்னால போயிப் பாப்பாங்க. இந்த மயில்சாமி வீட்டுல மிக்ஸி ஓடுதும்பாங்க."

"சரி, நம்ம பட்டறையிலயே முக்கால் ஹெச்.பி. குளத்து மோட்டார் பண்ணுங்க."

"நம்மகிட்ட அஞ்சுக்குக் கீழ இல்ல."

பேச்சு முடிந்தது. வேறு கம்பெனி மோட்டாரும் வீட்டுக்குள் வராது. அழுக்கு எடுக்க ஐந்து ஹெச்.பி. எதிர்ப்பை இங்கே பதிவு செய்கிறேன்.

நவம்பர் 3, ஞாயிறு

அப்பா பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் வைத்து, பச்சை மோட்டாரின் பட்டனை அழுத்தினார். அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டுக்குப் போய்த் திரும்பி வரவே இல்லை. உருளைக்குள் எதுவோ முறிந்த சத்தம் கேட்டது. குளத்தில் தண்ணீர் விழும் வாயிலிருந்து முதலில் கலங்கலாக வந்தது. பிறகு வண்டல். பிறகு மணல்.

"பாத்தியாடா ஃபோர்ஸ!" என்றார் அப்பா.

"அப்பா, அது மணலுங்க."

"அதத்தான் சொல்றேன். மணலயே தூக்குது பாரு!"

நான் ஓடிப்போய் மெயினை அணைத்தபோது வடிகட்டிக்குள் இருந்த மணலில் பாதி குளத்தின் அடியில் கிடந்தது. வெளியில் இருந்த அழுக்கை உள்ளே எடுக்க வேண்டிய கருவி, உள்ளே இருந்ததை வெளியில் தள்ளிவிட்டது. என் வேலை அனுபவத்தில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

தாரணி வந்து எட்டிப் பார்த்தாள். "கல்யாணத்துக்கு முந்தி பீச்ல போட்டோ எடுக்கோணும்னு அவங்க வீட்டுல கேட்டாங்க. இங்கயே எடுத்துக்கலாமாண்ணா?"

அப்பா அன்று மத்தியானம் ரசம் மட்டும் சாப்பிட்டார்.

நவம்பர் 10, ஞாயிறு

குளத்துத் தண்ணீரை இறைத்து மணலை அள்ளி, உடைந்த குழாய்களை மாற்றி, உருளையைத் தயார் செய்துவிட்டேன். மோட்டார்தான் இல்லை. பச்சை மோட்டாரைப் போட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அப்பாவும் வற்புறுத்தவில்லை. வேறு மோட்டார் வாங்கவும் விடவில்லை. மறுபடி நிரப்பிய தண்ணீர் நாலைந்து நாளாக அப்படியே நிற்கிறது.

பாசி பிடித்துவிட்டது என்றேன். "டைல்ஸோட கலருடா அது" என்றார். நிரூபிப்பதற்காகச் சமையலறையிலிருந்து ஓர் எவர்சில்வர் வட்டலை, சாப்பிடும் தட்டுதான், எடுத்துவந்து குளத்தில் போட்டேன். முழங்கை ஆழம் போவதற்குள் மறைந்துவிட்டது. சுத்தமான தண்ணீரில் அடிவரை தெரிய வேண்டும்.

"பாத்தீங்களா?"

"எனக்குத் தெரியுது" என்றார் அப்பா. எங்கே என்று கேட்டேன். குளத்தைப் பொதுவாகக் கையைக் காட்டிவிட்டுப் பட்டறைக்குப் போய்விட்டார்.

நவம்பர் 12, செவ்வாய்

அம்மாவிடமிருந்து போன். அவள் கல்யாணத்துக்குத் தாத்தா போட்ட, பேர் வெட்டிய வட்டலைக் காணோமாம். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன். தொழில்நுட்பப்படி அது உண்மை. சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

நவம்பர் 17, ஞாயிறு

இன்று தீர்மானமான நாள். என் கணக்கு ஜெயித்தது.

சாயங்காலம் அப்பா முறுக்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா எதிரில் உட்கார்ந்து காலை நீட்டி முழங்காலில் தைலம் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, மெட்ராஸ்க்காரன் மோட்டார், இத்தாலிக்காரன் மோட்டார் எல்லாம் வந்தா நம்ம பட்டறைக்குத்தான் கேவலம்."

"அதத்தான நானும் சொல்றேன்."

"அதுக்கு சென்னியப்பன் மோட்டார் தேவலீங்க. அது என்ன, பாதி நீங்க சொல்லிக்குடுத்த வேலதான?"

அப்பாவின் வாயில் இருந்த முறுக்கு அப்படியே நின்றது. "அவம் பேர எடுக்காத."

"எடுக்கலீங்க" என்று அம்மா தைலத்தை மூடினாள். "ஆபரேசனே பண்ணிக்கறேன். யாருக்குத் தொந்தரவு."

கொஞ்ச நேரம் முறுக்குச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அப்பா சுவரைப் பார்த்துக் கேட்டார்: "முக்கால் ஹெச்.பி. அவங்கிட்ட இருக்குதாமா?"

நான் உடனே எழுந்து, மாமா கம்பெனியின் குளத்து மோட்டாரில் குப்பை பிடிக்கும் கூடை இருப்பதையும், ஓட்டம் நம் கணக்குக்குச் சரியாகப் பொருந்துவதையும் விளக்கினேன். ஐந்து நிமிடத்தில் ஒத்துக்கொண்டார். அம்மா ஏதேதோ சொல்லிப் பேச்சைச் சுற்றவிட்டிருக்காவிட்டால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

நவம்பர் 19, செவ்வாய்

லீவு போட்டுவிட்டு அரசூரில் மாமாவின் கம்பெனிக்குப் போனேன். இத்தனை வருடமாகக் கல்யாண மண்டபங்களில் எதிர்ப்பக்கப் பந்தியில்தான் அவரைப் பார்த்திருக்கிறேன். தலை நரைத்துவிட்டது. சுவர், கதவு, வாட்ச்மேன் சட்டை எல்லாம் நீலம்.

"வாடா மாப்ள! அக்கா கால் எப்படி இருக்குது?"

கால் பற்றி நான் இன்னும் வாயே திறக்கவில்லை. சொந்தக்காரர்கள் மத்தியில் செய்தி வேகமாகப் பரவுகிறது.

மோட்டாரின் அளவைச் சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் கையைக் காட்டினார். மூலையில் முக்கால் ஹெச்.பி. மோட்டார் ஒன்று பெட்டி கட்டித் தயாராக இருந்தது. சரக்கு இருப்பைக் கவனிப்பதில் எங்கள் பட்டறையைவிட இவர்கள் மேல்.

எடுத்துக்கொண்டு கிளம்பலாம் என்று தூக்கினேன். மாமா பெட்டிமேல் கையை வைத்தார்.

"என் மோட்டார நான் வந்துதான் மாட்டுவேன். மாட்டி, ஓட்டிப் பாத்து, கைய வெச்சுச் சூடு பாத்துட்டுத்தான் வருவேன். உங்கொப்பன் தப்பா மாட்டிப்போட்டு ஊரெல்லாம் நீல மோட்டார் நின்னு போச்சும்பாரு."

"உங்க மெக்கானிக்க அனுப்புங்களே."

"மெக்கானிக்குக்கு அன்னைக்கு வேல இருக்குது."

என்றைக்கு என்று நான் இன்னும் சொல்லவில்லை. பரவாயில்லை. அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். "வந்து வேலய முடிச்சுட்டு அப்படியே போகட்டும்" என்றார். சாதாரணமாகப் போனில் கத்துகிறவர், இன்று மெதுவாகப் பேசினார்.

நவம்பர் 24, ஞாயிறு

இன்று நிறைய எழுத வேண்டும்.

காலையிலேயே அம்மா சமையலறையில். அரிசிம்பருப்புச் சாதம், கத்தரிக்காய்ப் பொரியல், இனிப்புக்கு ஒப்புட்டு. ஒரு மோட்டார் மாட்ட வருகிறவருக்கு இது அதிகம் என்றேன். "போய்க் குளிடா" என்றாள். அப்பா ஷேவ் செய்திருந்தார்.

மாமா நீல வேனில் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றார். அப்பா திரும்பி நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்:

"யுகி, கம்பெனிக்காரருக்கு வழி காட்டு."

"மாப்ள, எனக்கு வழி தெரியும்னு பட்டறைக்காரர்கிட்டச் சொல்லு" என்றார் மாமா.

இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றடிகூட இல்லை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் இதேதான். "டைல்ஸ் ஏன் பச்சையா இருக்குதுன்னு கேளு மாப்ள." "அவரு கண்ணுல கோளாறுன்னு சொல்லு யுகி." நான் யுகேந்திரன், எம்.இ., வால்வு இல்லை என்று இருவரிடமும் சொல்லிவிட்டு, ஒயரிங்கை நானே முடித்தேன். மூன்று ஒயர், மூன்று திருகு. குழந்தைகூடச் செய்யும். பட்டனை அழுத்தினேன்.

மோட்டார் ஓடியது. எனக்கு நன்றாக ஓடியதாகத்தான் தோன்றியது.

"ஃபேஸ மாத்துடா!"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் கத்தினார்கள். இரண்டு பேர் கையும் ஒரே சமயத்தில் சுவிட்சுக்குப் போய் முட்டிக்கொண்டன. மோட்டார் தலைகீழாகச் சுற்றுகிறதாம். ஒயரை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்திலேயே தெரியுமாம். நான் ஒயரை மாற்றிப் போட்டபோது சத்தம் உண்மையிலேயே வேறாக இருந்தது. இதைப் பாடப்புத்தகத்தில் போடவில்லை.

அவர்கள் என்னைக் கவனிக்கவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"உனக்கு இன்னும் காது இருக்குது" என்றார் அப்பா.

"யாரு சொல்லிக்குடுத்தது மச்சான்?" என்றார் மாமா.

நன்றாகத்தான் ஆரம்பித்தது. அதன்பின் மாமா, "ஆனா நீலத்துக்குத்தான் தண்ணி..." என்று ஏதோ தொடங்க, அப்பா, "இன்னைக்கும் அதே பேச்சா!" என்று கையை ஓங்க, மாமா ஸ்பேனரோடு எழுந்து நிற்க, குரல் தெருவரை போயிற்று. தாரணி சமையலறை ஜன்னலில் முகம் வெளுத்து நின்றாள்.

அப்போது அம்மா ஓடி வந்தாள். நடந்து வரவில்லை, ஓடி வந்தாள். கையில் கரண்டியோடு, பின்படி நாலையும் இரண்டு தாவலில் தாண்டி, தரையில் கிடந்த ஹோஸ் பைப்பைக் குதித்து, ஈரத் தரையில் வழுக்காமல் இருவருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"அடிச்சுக்கறதா இருந்தா என்னைய அடிச்சுப்போட்டு அப்புறம் அடிச்சுக்குங்க!"

எல்லோரும் அம்மாவின் காலைப் பார்த்தோம். அம்மாவும் பார்த்தாள். பிறகு "ஆ... அம்மா" என்று முனகிக்கொண்டு படியில் மெல்ல உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

இடது முழங்காலை.

நான் வாயைத் திறந்தேன். அப்பா என் காலை மிதித்தார். நன்றாகவே மிதித்தார்.

"சென்னியப்பா" என்றார், தரையைப் பார்த்து. "சோறு ஆறுது. உங்கக்கா காலையில இருந்து நிக்கறா."

சாப்பிட உட்கார்ந்தோம். ஒப்புட்டு வந்ததும் அப்பா, "யுகி, தாரணி கல்யாணத் தேதிய மாமாகிட்டச் சொல்லு" என்றார்.

"தேதி எனக்குத் தெரியும் மச்சான்" என்றார் மாமா. "பட்டம் செய்யறதுக்கு ஆசாரிகிட்ட ஆடியிலயே சொல்லி வெச்சுட்டேன்."

தாரணி எழுந்து உள்ளே போய்விட்டாள். அழுகிற சத்தம் கேட்டது. அம்மா யாரும் கேட்காமலே மாமாவுக்கு இன்னும் இரண்டு ஒப்புட்டு வைத்தாள்.

நவம்பர் 25, திங்கள்

மாமா பட்டத்துக்குச் சொல்லிவைத்தது ஆடி மாதம் என்றால் வரிசை எங்கோ இடிக்கிறது. முழங்கால் வலியும் ஆடியில்தான். இரவெல்லாம் யோசித்துவிட்டுக் காலையில் பட்டறைக்குப் போனேன். லேத் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் பேச முடிந்தது.

"அப்பா, அம்மா காலுக்கு ஒண்ணுமே இல்ல. நம்மள ஏமாத்தியிருக்குது."

"தெரியும்" என்றார்.

"எப்ப இருந்து?"

"ஆடியில இருந்து. வலிக்குதுன்னு சொல்லிப்போட்டு அன்னைக்கே மாடிப்படிய ரெண்டு ரெண்டாத் தாண்டி ஏறுறா."

"அப்புறம் எதுக்குக் குழி தோண்டுனீங்க?"

அப்பா லேத்தை நிறுத்தச் சொன்னார். பட்டறை திடீரென்று அமைதியானது. அவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நானாப் போயி அவனக் கூப்புட முடியுமாடா?"

"அப்ப முதல்லயே நீல மோட்டாருக்குச் சரின்னிருக்கலாமே. ஒரு மாசம் வீணாப்போச்சு."

"ஒடனே ஒத்துக்கிட்டா உங்கம்மா கண்டுபுடிச்சுருவா."

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "அந்த அஞ்சு ஹெச்.பி.? மணல் வந்ததே. அதுவும் வேணும்னுதான் பண்ணுனீங்களா?"

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அது இல்ல. அது நெசமாவே நல்லா ஓடும்னுதான் நெனச்சேன்."

டிசம்பர் 1, ஞாயிறு

முக்கால் ஹெச்.பி. ஓடுகிறது. மிக மெதுவாக, சத்தமே இல்லாமல். தண்ணீர் தெளிந்துவிட்டது. வட்டல் அடியில், பேர் மேலே தெரியும்படி கிடக்கிறது. அம்மா பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"இது எப்படிடா அங்க போச்சு?"

"உன் வலது கால் எப்படி இடது காலா மாறுச்சோ அப்படி" என்றேன்.

வட்டல் பேச்சு அதோடு முடிந்தது. அதை எடுக்க வலை தேடிக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் திட்டத்தின் முடிவுரை: வடிகட்டியைத் தேர்வு செய்தது நான் என்று முதல் பக்கத்திலிருந்து எழுதிவந்திருக்கிறேன். அதை அடித்துத் திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஜனவரி 31, வெள்ளி

தாரணிக்கு மாமா பட்டம் கட்டினார். முதல்முறை கட்டியது அவிழ்ந்துவிட, அப்பா பின்னாலிருந்து முடிச்சைப் பிடித்துக்கொண்டார். முடிச்சு இறுக்கமா தளர்வா என்று அந்த இடத்திலும் ஒரு சண்டை. அப்பாவின் சட்டை நீலம் இல்லை, பச்சையும் இல்லை, சந்தன நிறம்.

டீலர்கள் எல்லோரும் வீட்டுக்கு வந்து குளத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது என்றார்கள். ஒருவர் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார். அப்பா அம்மாவைப் பார்த்தார், அம்மா என்னைப் பார்த்தாள், நான் மாமாவைப் பார்த்தேன்.

நெஞ்சளவுதான் என்றாலும் குளத்துத் தண்ணீரில் இதுவரை ஒருவரும் இறங்கவில்லை. வட்டலும் இன்னும் அடியில்தான் கிடக்கிறது. எங்கள் இரண்டு குடும்பத்திலும் யாருக்கும் நீச்சல் தெரியாது.